ஜாக்கோமோ டி ஏஞ்செலிஸ்

ஜாக்கோமோ டி ஏஞ்செலிஸ் என்பவர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மதராசில் (இன்றைய சென்னை) வாழ்ந்த விடுதி உரிமையாளரும் வானூர்தி முன்னோடியும் ஆவார். மத்தியதரைக் கடலில் உள்ள கோர்சிக்கா தீவைச் சேர்ந்த இவர், மவுண்ட் ரோட்டில் (இன்றைய அண்ணா சாலை) தமது பெயரிலேயே புகழ்பெற்ற விடுதி ஒன்றை நடத்தி வந்தார். தாமே வடிவமைத்த இரட்டைச் சிறகு வானூர்தி ஒன்றை மதராசின் சிம்சன் நிறுவனத்தைக் கொண்டு கட்டுவித்து, 1910ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பறக்கவிட்டார். இந்தியாவில் பொறியின் விசையால் நிகழ்ந்த முதல் வானூர்திப் பறப்பு இதுவே எனச் சென்னை வரலாற்றை ஆராய்ந்தோர் கருதுகின்றனர். எனினும் பொதுவான வரலாற்று நூல்களில் இச்சிறப்பு 1910 டிசம்பரில் அலகாபாத்தில் நடைபெற்ற பறப்புக்கே வழங்கப்பட்டு வருகிறது.

பின்னணி

கோர்சிக்கா தீவு 1768ஆம் ஆண்டில் செனோவாக் குடியரசிடமிருந்து பிரான்சின் கைக்கு மாறியது. நெப்போலியன் பிறந்த இடமும் இதுவே. இத்தீவு மக்களின் பெயர்கள் பெரும்பாலும் இத்தாலியச் சாயல் கொண்டவை. ஆயினும் அவர்கள் பிரெஞ்சுக் குடிமக்கள் ஆவர். ஆகவே டி ஏஞ்செலிசைச் சில நூல்கள் இத்தாலியர் என்றும், வேறு சில நூல்கள் பிரெஞ்சுக்காரர் என்றும் குறிப்பிடுகின்றன.

ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த மதராசில் இவர் முதலில் தின்பண்டத் தயாரிப்பும் விருந்து ஏற்பாடும் செய்யும் தொழிலைத் தொடங்கினார். அக்காலத்தில் ஐரோப்பிய உயர்குடியினரிடையே பிரெஞ்சுச் சமையலுக்குத் தனி மதிப்பு இருந்தது. அரசு அலுவலர்கள், படை அதிகாரிகள், வணிக நிறுவனங்களின் பங்காளிகள் ஆகியோரின் விருந்துகளுக்கு இனிப்புகளும் பனிக்கூழும் உணவு வகைகளும் வழங்கும் தொழில் இவருக்குச் செல்வத்தையும் செல்வாக்கையும் தேடித் தந்தது.

டி ஏஞ்செலிஸ் விடுதி

விருந்துத் தொழிலில் நிலைபெற்ற பின்னர், 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் இவர் மவுண்ட் ரோட்டில் தமது விடுதியை வளர்த்தெடுத்தார். அக்காலத்தில் மதராசின் உயர்தர விடுதிகளில் முதன்மையானது ஸ்பென்சர் நிறுவனத்தாரின் கன்னிமாரா விடுதி ஆகும். 1886 முதல் 1890 வரை மதராசு ஆளுநராக இருந்த கன்னிமாரா பிரபுவின் பெயரைத் தாங்கிய அவ்விடுதிக்கு டி ஏஞ்செலிஸ் விடுதி ஈடுகொடுத்து நின்றது. புதிய இயந்திர வசதிகளைத் தமது விடுதியில் பிறருக்கு முன்பாகவே புகுத்துவதில் இவர் ஆர்வம் கொண்டிருந்தார்.

அன்றைய மவுண்ட் ரோடு, மதராசின் புதுமைகள் எல்லாம் வந்து சேரும் தெருவாக இருந்தது. இந்தியாவின் முதல் மின்சார டிராம் வண்டிகள் 1895ஆம் ஆண்டு மே மாதம் மதராசில் ஓடத் தொடங்கின. 1913ஆம் ஆண்டில் நகரின் முதல் நிலையான திரையரங்குகளுள் ஒன்றான எலெக்ட்ரிக் தியேட்டரும் மவுண்ட் ரோட்டிலேயே தோன்றியது. குதிரை வண்டிகளும் பின்னர் தானுந்துகளும் செய்து விற்ற நிறுவனங்கள் பலவும் இச்சாலையை ஒட்டியே அமைந்திருந்தன. இத்தகைய சூழலில் தொழில் நடத்திய ஒருவர் வானூர்தியில் நாட்டம் கொண்டதில் வியப்பில்லை.

மதராசில் தானுந்துகளின் தொடக்கம்

டி ஏஞ்செலிசின் முயற்சியைப் புரிந்துகொள்ள, மதராசில் அப்போதுதான் வேரூன்றி வந்த தானுந்துத் தொழிலையும் அறிதல் வேண்டும்.

மதராசுத் தெருக்களில் முதன்முதலாக அன்றாடம் கார் ஓட்டியவர் பாரி நிறுவனத்தின் இயக்குநர்களுள் ஒருவரான ஏ. ஜே. யார்க் எனக் கூறப்படுகிறது. 1901ஆம் ஆண்டில் இவர் அடையாற்றுப் பகுதியில் இருந்த தமது இல்லத்திலிருந்து கடற்கரை அருகேயுள்ள பாரி முனை அலுவலகத்திற்குக் காரில் சென்று வந்தார். அக்காலத்தில் பெசன்ட் நகர் என்ற குடியிருப்பு உருவாகியிருக்கவில்லை. அப்பெயருக்குரிய அன்னி பெசன்ட் 1907ஆம் ஆண்டில்தான் அடையாற்றில் இருந்த பிரம்மஞான சபையின் தலைவரானார். அடையாற்றின் இரு கரைகளும் தோட்ட மாளிகைகளும் தோப்புகளும் நிறைந்த புறநகராகவே இருந்தன. அங்கு வாழ்ந்த செல்வர்களுக்கு நகரின் வணிகப் பகுதிக்குச் செல்ல நெடுந்தொலைவு பயணம் செய்ய வேண்டியிருந்தது. கார் மதராசில் முதலில் இடம்பிடித்ததற்கு இத்தொலைவும் ஒரு காரணம் எனலாம்.

மதராசுத் துறைமுகத்தின் தலைவராக 1904 முதல் 1919 வரை பணியாற்றிய பொறியாளர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், நகரின் முதல் பதிவு எண்ணைக் கொண்ட காரின் உரிமையாளராக அறியப்படுகிறார். கணித மேதை சீனிவாச இராமானுசன் 1912ஆம் ஆண்டில் துறைமுகத்தில் எழுத்தராகச் சேர்ந்தபோது அவருக்கு ஆதரவு அளித்தவரும் இவரே.

இக்கதையில் மிக முக்கியமான இடம் சிம்சன் நிறுவனத்திற்கு உரியது. 1840ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இந்நிறுவனம் குதிரை வண்டிகளும் பல்லக்குகளும் செய்வதில் பெயர் பெற்றது. பின்னர் இரயில் பெட்டிகளும் தானுந்துகளுக்கான கூடுகளும் செய்தது. 1903ஆம் ஆண்டில் இந்நிறுவனத்தின் பொறியாளர் சாமுவேல் ஜான் கிரீன் நீராவியால் ஓடும் கார் ஒன்றை உருவாக்கினார். இந்தியாவில் கட்டப்பட்ட முதல் நீராவிக் கார் இதுவெனக் கூறப்படுகிறது. இறக்குமதி செய்த வண்டிகளைப் பழுது பார்ப்பதோடு நில்லாமல், முழு ஊர்தியையும் தாமே செய்து முடிக்கும் திறன் மதராசுத் தொழிலாளரிடம் இருந்தது என்பதற்கு இது சான்றாகும்.

வானூர்தி முயற்சி

தூண்டுதல்

அமெரிக்காவின் ரைட் சகோதரர்கள் 1903 டிசம்பர் 17 அன்று முதன்முதலாகப் பறந்தனர். அன்றைய முதல் பறப்பு 12 நொடிகளே நீடித்தது. கடந்த தொலைவு 120 அடியாகும். அடுத்த சில ஆண்டுகளில் வானூர்திக் கலையின் மையம் பிரான்சுக்கு மாறியது. 1909 சூலை 25 அன்று பிரெஞ்சுக்காரரான லூயி பிளேரியோ, கலே நகரின் அருகிலிருந்து புறப்பட்டு ஆங்கிலக் கால்வாயைக் கடந்து இங்கிலாந்தின் டோவரில் இறங்கினார். அவரது வானூர்தியின் பொறி 25 குதிரைவலு மட்டுமே கொண்டது. பயணம் ஏறத்தாழ 37 நிமிடங்கள் நீடித்தது. இச்செய்தி உலகெங்கும் பரவி, பல நாடுகளில் தனியாட்களை வானூர்தி கட்டும் முயற்சியில் ஈடுபடத் தூண்டியது.

டி ஏஞ்செலிசும் இவ்வாறு தூண்டப்பட்டவர்களுள் ஒருவர். பிளேரியோவின் வெற்றிக்குப் பின் எட்டு மாதங்களுக்குள் இவர் தமது வானூர்தியைக் கட்டி முடித்துப் பறக்கவும் செய்தார்.

வடிவமைப்பும் கட்டுமானமும்

பிளேரியோவின் வானூர்தி ஒற்றைச் சிறகுத் தளம் கொண்டது. டி ஏஞ்செலிசோ ஒன்றன் மேல் ஒன்றாக இரு சிறகுத் தளங்கள் கொண்ட அமைப்பைத் தேர்ந்தெடுத்தார். இரட்டைச் சிறகு அமைப்பில், சிறகுகளின் நீளத்தை மிகுதியாக்காமலேயே அவற்றின் பரப்பை அதிகரிக்க இயலும். இரு தளங்களையும் மரத்தூண்களாலும் கம்பிகளாலும் பிணைப்பதால் எடை குறைவாகவும் உறுதி மிகுதியாகவும் இருக்கும். குறைந்த வலுவுள்ள பொறியைக் கொண்டு பறக்க முயல்வோர்க்கு இது ஏற்ற அமைப்பாகும்.

வானூர்தியைக் கட்டும் பணி சிம்சன் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. குதிரை வண்டி செய்யும் நிறுவனம் வானூர்தி செய்தது இன்று வியப்பாகத் தோன்றலாம். ஆனால் அக்கால வானூர்தியின் உடல் உலோகத்தால் ஆனது அன்று. மெல்லிய மரச்சட்டங்கள், அவற்றின் மேல் இழுத்துக் கட்டப்பட்ட துணி, இழுவைக் கம்பிகள், மிதிவண்டிச் சக்கரங்களை ஒத்த சக்கரங்கள் ஆகியனவே அதன் உறுப்புகள். எடை குறைந்த மரத்தைத் தேர்தல், அதை நீராவியில் வளைத்தல், பொருத்துகளை நுட்பமாக இணைத்தல், துணியையும் தோலையும் தொய்வின்றிப் போர்த்தல், மெருகெண்ணெய் பூசுதல் ஆகிய அனைத்தும் வண்டித் தச்சரின் கைவந்த கலைகளே. ஐரோப்பாவிலும் தொடக்ககால வானூர்திகள் பல இத்தகைய பட்டறைகளில் உருவாயின. மதராசில் இத்திறன் முன்பே இருந்ததாலேயே இவரது வடிவமைப்பு விரைவில் உருப்பெற இயன்றது.

பல்லாவரத்தில் சோதனை

வானூர்தியின் சோதனைப் பறப்புகள் மதராசின் தெற்கேயுள்ள பல்லாவரத்தில் நடைபெற்றன. படைப்பிரிவுகள் தங்கியிருந்த இவ்வூரில் குன்றுகளுக்கு இடையே விரிந்த வெளிகள் இருந்தன. நகர மக்களின் கூட்டமும் நெருக்கமும் இல்லாத இவ்விடம் சோதனைக்கு ஏற்றதாக இருந்தது.

அக்காலத்தில் பறத்தல் உயிருக்கே ஊறு விளைவிக்கக்கூடிய செயலாகும். இந்தியாவில் வானூர்தி ஓட்டக் கற்றுத் தரும் பள்ளி எதுவும் இல்லை. இங்கிலாந்திலேயே முதல் வானோட்டிச் சான்றிதழ் 1910 மார்ச் 8 அன்றுதான் மூர் பிரபசோன் என்பவருக்கு வழங்கப்பட்டது. அதே நாளில் பிரான்சில் ரேமோண்ட் டி லரோசு என்ற பெண்மணி, உலகில் வானோட்டி உரிமம் பெற்ற முதல் பெண் என்ற பெருமையைப் பெற்றார். டி ஏஞ்செலிஸ் மதராசில் பறந்தது இதே மாதத்தில்தான். இந்தியாவில் வானூர்திகள் குறித்த முதல் சட்டம் 1911ஆம் ஆண்டில்தான் இயற்றப்பட்டது. எனவே இவரது முயற்சிக்குத் துணை நிற்கவோ தடை சொல்லவோ சட்டம் ஏதும் அன்று இருக்கவில்லை.

மதராசின் தட்பவெப்ப நிலையும் பறப்பவர்க்குச் சாதகமானது அன்று. வெப்பக் காற்றின் அடர்த்தி குறைவு. ஆகையால் சிறகுகள் பெறும் தூக்குவிசையும் குறையும், பொறி தரும் வலுவும் குறையும். கோடை தொடங்கும் மார்ச் மாதத்தில், வலுக் குறைந்த பொறியைக் கொண்டு நிலத்தைவிட்டு எழுவது குளிர்நாடுகளில் எழுவதைக் காட்டிலும் கடினமாகும்.

தீவுத்திடலில் காட்சி

சோதனைகளுக்குப் பின்னர் 1910 மார்ச் மாதத்தில் தீவுத்திடலில் பொதுமக்கள் முன்னிலையில் வானூர்தி காட்சிப்படுத்தப்பட்டது. கூவம் ஆற்றின் கிளைகளுக்கு இடையே புனித ஜார்ஜ் கோட்டையை அடுத்து அமைந்த இத்திடல், படையினரின் அணிவகுப்புக்கும் விளையாட்டுகளுக்கும் பயன்பட்டு வந்த பரந்த வெளியாகும். டி ஏஞ்செலிசின் விடுதியும், சிம்சன் பட்டறையும், தீவுத்திடலும் ஒன்றிலிருந்து ஒன்று அதிகத் தொலைவில் இல்லை. கட்டணம் செலுத்தி வந்த மக்கள் கூட்டம், மனிதன் வானில் எழுவதை இங்கே முதன்முறையாகக் கண்டது.

கட்டணக் காட்சி என்பது அக்கால வானோட்டிகளின் பொதுவான வழக்கமே. வானூர்திகளுக்கு அப்போது போக்குவரத்துப் பயன் ஏதும் இல்லை. கட்டுமானச் செலவை ஈடுசெய்யப் பரிசுப் பணமும் காட்சிக் கட்டணமுமே வழிகளாக இருந்தன.

முதன்மை குறித்த கருத்துகள்

இந்தியாவின் முதல் வானூர்திப் பறப்பு எது என்பதில் இருவேறு கருத்துகள் நிலவுகின்றன.

பரவலாக வழங்கும் கருத்தின்படி, 1910 டிசம்பர் 10 அன்று அலகாபாத்தில் கீத் டேவிஸ் என்பவர் நிகழ்த்தியதே முதல் பறப்பாகும். அங்கு நடைபெறவிருந்த தொழில், வேளாண் கண்காட்சியை முன்னிட்டு, வால்டர் விண்டம் என்ற ஆங்கிலேயர் இங்கிலாந்தின் அம்பர் நிறுவன வானூர்திகளையும் வானோட்டிகளையும் கப்பலில் அழைத்து வந்திருந்தார். அக்குழுவைச் சேர்ந்த பிரெஞ்சுக்காரர் ஆன்றி பெக்கே, 1911 பிப்ரவரி 18 அன்று ஏறத்தாழ 6,500 கடிதங்களுடன் யமுனையைக் கடந்து நைனியில் இறங்கினார். இதுவே உலகின் முதல் அலுவல்முறை வானஞ்சல் பறப்பு எனப்படுகிறது. 1910 டிசம்பரிலேயே கல்கத்தாவிலும் பெல்சியம் நாட்டு வானோட்டிகள் காட்சிப் பறப்புகள் நிகழ்த்தினர்.

மதராசுப் பறப்பு இவற்றுக்கெல்லாம் ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் முற்பட்டது. சென்னையின் வரலாற்றை நெடுங்காலம் எழுதிவந்த எஸ். முத்தையா (1930–2019), தமது நூல்களிலும் செய்தித்தாள் கட்டுரைகளிலும் இதனை எடுத்துக்காட்டி, டி ஏஞ்செலிசின் பெயரை மீண்டும் அறியச் செய்தார்.

இரு நிகழ்வுகளுக்கும் இடையே காலத்தால் மட்டுமன்றித் தன்மையாலும் வேறுபாடு உண்டு. அலகாபாத்திலும் கல்கத்தாவிலும் பறந்தவை ஐரோப்பாவிலிருந்து கொண்டுவரப்பட்ட வானூர்திகள். அவற்றை ஓட்டியவர்கள் காட்சிக்காக வந்து திரும்பியவர்கள். மதராசில் பறந்ததோ இந்நகரிலேயே வாழ்ந்த ஒருவரால் வடிவமைக்கப்பட்டு, இந்நகரத் தொழிலாளரின் கைகளால் கட்டப்பட்டது. எனவே முதல் பறப்பு எது என்ற வினாவைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும், உள்நாட்டில் வானூர்தி கட்டும் வரலாற்றில் டி ஏஞ்செலிசுக்கும் சிம்சன் தொழிலாளருக்கும் தனியிடம் உண்டு.

அலகாபாத் நிகழ்வு நினைவில் நிலைத்ததற்குக் காரணம் அஞ்சல்துறை ஆகும். அந்நாளில் கடிதங்களில் இடப்பட்ட தனி முத்திரை, அஞ்சல்தலை சேகரிப்போரிடையே உலகெங்கும் பரவியது. 1961ஆம் ஆண்டில் அதன் பொன்விழாவுக்கு இந்திய அரசு அஞ்சல்தலைகள் வெளியிட்டது. இவ்வாறு ஆண்டுதோறும் நினைவூட்ட ஓர் அரசுத் துறை அதற்கு இருந்தது. ஒரு விடுதி உரிமையாளரின் தனி முயற்சியான மதராசுப் பறப்புக்கு அத்தகைய துணை வாய்க்கவில்லை.

பிற்காலம்

டி ஏஞ்செலிசின் முயற்சி மதராசில் தொடர்ச்சியான வானூர்தித் தொழிலாக வளரவில்லை. அவரது விடுதி பின்னர் பொசோட்டோ என்ற இத்தாலியப் பெயர் கொண்டவரின் உரிமையாகி, பொசோட்டோ விடுதி எனப் பெயர் மாறியது. பெயர் மாறியதோடு மவுண்ட் ரோட்டில் டி ஏஞ்செலிஸ் என்ற பெயர் கண்ணில் படும் வாய்ப்பும் மறைந்தது.

மதராசில் வானூர்திப் பயிற்சி நிலையாகத் தொடங்கியது ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின்னரே. 1930ஆம் ஆண்டு வாக்கில் மதராசு பிளையிங் கிளப் செயல்படத் தொடங்கியது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் பைகளுடன் பறந்தார். அவரது கூட்டாளியான நெவில் வின்சென்ட் அப்பைகளைப் பெல்லாரி வழியாக மதராசுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். இந்தியாவின் முறையான வானூர்திப் போக்குவரத்து இவ்வாறு மதராசை வந்தடைந்தது.

தொடர்புடைய இடங்கள்

டி ஏஞ்செலிஸ் சோதனை நடத்திய பல்லாவரத்திற்கு அடுத்துள்ள மீனம்பாக்கத்திலும் திரிசூலத்திலும் இன்றைய சென்னைப் பன்னாட்டு வானூர்தி நிலையம் அமைந்துள்ளது.

வானூர்தியும் தானுந்தும் சென்னையில் மீண்டும் இணைந்தது பந்தயக் களத்தில் ஆகும். இரண்டாம் உலகப்போரின்போது நகருக்கு வடக்கே சோழவரத்தில் அமைக்கப்பட்ட வானூர்தி ஓடுபாதை, போருக்குப் பின் தானுந்துப் பந்தயக் களமாயிற்று. 1953ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மதராசு மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கு பல ஆண்டுகள் பந்தயங்களை நடத்தியது. பின்னர் 1990ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயச் சாலை திறக்கப்பட்டது.

1910ஆம் ஆண்டில் வானூர்தியைக் காண மக்கள் திரண்ட தீவுத்திடலைச் சுற்றியுள்ள சாலைகளில், 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய நாட்களில் பார்முலா 4 கார்ப் பந்தயம் இரவு ஒளியில் நடைபெற்றது. இப்பந்தயத்திற்கான சுற்றின் நீளம் ஏறத்தாழ 3.5 கி.மீ. ஆகும். சிம்சன் நிறுவனத்தின் பெயர் அண்ணா சாலையில் பேருந்து நிறுத்தத்தின் பெயராகவும் வழங்கி வருகிறது.